பேட்டரியில் 12.66, செல்ஃப் அடித்தால் 10.1, வண்டி ஓடும்போது 14.2: இதில் மின்னியக்கு விசை எது?

தாமிரக்கம்பி:

பைக்கின் 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரி டெர்மினலிலேயே வைத்து எடுத்த அளவுகள்:

இரவு முழுக்க நின்ற வண்டி, சாவி ஆஃப்: 12.66
ஹெட்லைட் மட்டும் ஆன் (35 வாட் ஹாலஜன், இன்ஜின் ஓடவில்லை): 12.47
செல்ஃப் அழுத்தும்போது: 10.1
இன்ஜின் ஓடி, ஆக்சிலேட்டர் திருகினால்: 14.2

மின்சுற்று திறந்திருக்கும்போது மின்கலத்தின் முனைகளுக்கு இடையே இருக்கும் மின்னழுத்த வேறுபாடுதான் மின்னியக்கு விசை என்கிற மாதிரி +2 பாடத்தில் வருகிறது. அப்படியென்றால் 12.66 மின்னியக்கு விசை, மற்றவை மின்னழுத்த வேறுபாடு. ஒரே இடம், ஒரே மீட்டர், ஒரே அலகு. லைட் போட்டதும் பெயர் மட்டும் மாறுவானேன்? 14.2 வரும்போது பேட்டரியின் மின்னியக்கு விசை கூடிவிட்டதா? சூத்திரம் மனப்பாடம். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

மீட்டர்மணி:

நான்கு தடவையும் மீட்டர் காட்டியது மின்னழுத்த வேறுபாடுதான். வோல்ட்மீட்டருக்கு வேறு எதையும் அளக்கத் தெரியாது. முதல் அளவில் மட்டும் அந்த எண்ணும் மின்னியக்கு விசையின் எண்ணும் ஒன்றாக வந்து நிற்கின்றன. நீங்கள் சொன்ன பாட வரியை வரையறையாக எடுக்காதீர்கள், அளக்கும் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நேர் மின்னூட்டம் தானாகப் போனால் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குத்தான் போகும். வெளியே, பல்பு வழியாக, அப்படித்தான் போகிறது. ஆனால் சுற்று முழுமையாக வேண்டுமே. பேட்டரிக்குள் அது மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு, மின்புலத்துக்கு எதிராக, ஏறியாக வேண்டும். அந்த வேலையை மின்புலத்தால் செய்ய முடியாது. ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலத்துக்கும் இடையே நடக்கும் வேதிவினை செய்கிறது. ஒரு கூலூமை ஏற்றிவிட அந்த வினை எத்தனை ஜூல் கொடுக்கிறதோ அதுதான் மின்னியக்கு விசை. உங்கள் பேட்டரியில் 12.66 ஜூல். ஜெனரேட்டர் என்றால் அந்த வேலையைச் செய்வது காந்தப்புலத்தில் சுருளைச் சுழற்றும் விசை, சோலார் பேனல் என்றால் ஒளி, வெப்ப மின்னிரட்டை என்றால் வெப்பநிலை வித்தியாசம். எதுவானாலும் நிலைமின்புலம் அல்லாத ஒன்று உள்ளே இருந்து தள்ள வேண்டும்.

மின்னழுத்த வேறுபாடு எந்த மூலத்துக்கும் சொந்தமில்லை. சுற்றில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கு இடையே ஒரு கூலூம் போகும்போது நிலைமின்புலம் செய்யும் வேலை அது. பல்பின் இரண்டு முனைகளுக்கு உண்டு, மின்னோட்டம் போகும் வயரின் இரண்டு நுனிகளுக்கு உண்டு, சார்ஜ் ஏறிய கெப்பாசிட்டருக்கும் உண்டு. இந்த மூன்றிலும் மின்னியக்கு விசை கிடையாது.

சாவி ஆஃபில் இரண்டும் ஏன் சமம்? வேதிவினை மின்னூட்டத்தைப் பிளஸ் பக்கம் சேர்த்துக்கொண்டே போகிறது. சேரச் சேர எதிர்த்துத் தள்ளும் மின்புலமும் வளர்கிறது. இரண்டு தள்ளலும் சமமானதும் வினை நிற்கிறது. அந்தச் சமநிலையைத்தான் மீட்டரில் 12.66 என்று பார்த்தீர்கள்.

லைட் போட்டதும் மின்னூட்டம் அமிலத்தையும் தகடுகளையும் கடந்து ஓட வேண்டும். வேதிவினை கொடுத்த 12.66 ஜூலில் கொஞ்சம் உள்ளேயே வெப்பமாகப் போய்விடுகிறது. 35 வாட்டை 12.47-ஆல் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 2.8 ஆம்பியர். உள்ளே இழந்தது 0.19 வோல்ட். அக மின்தடை 0.19 ÷ 2.8, அதாவது 0.068 ஓம். செல்ஃப் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுப்பதால் அதே இழப்பு வோல்ட் கணக்கில் போகிறது.

முனை மின்னழுத்தம் = மின்னியக்கு விசை − (மின்னோட்டம் × அக மின்தடை)

14.2-க்கும் இதே சமன்பாடுதான், குறி மட்டும் மாறும். ரெகுலேட்டர் மின்னோட்டத்தை பிளஸ் வழியாக உள்ளே தள்ளுகிறது. திசை மாறிவிட்டதால் கழித்தல் கூட்டலாகிறது, முனை மின்னழுத்தம் மின்னியக்கு விசையைத் தாண்டிவிடுகிறது. மின்னியக்கு விசை 12.66-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. 1 ஆம்பியர் உள்ளே போகிறது என்றால் 14.2 வாட் கொடுக்கிறீர்கள், அதில் ஏறத்தாழ 12.7 வாட் வேதி ஆற்றலாகச் சேர்கிறது, மீதி வீண்.

அரைக்கடத்தி:

கடைசிப் பத்தியில் திசை சரி. ஆனால் மீட்டர்மணி அவர் கண்டுபிடித்த 0.068 ஓமை அங்கே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 14.2 − 12.66 = 1.54 வோல்ட். 0.068-ஆல் வகுத்தால் 22 ஆம்பியருக்கு மேல் வரும். 9 ஆம்பியர்-மணி பைக் பேட்டரிக்குள் அவ்வளவு போகாது. நிறைந்த பேட்டரி 14.2-இல் 1 ஆம்பியர்கூட எடுப்பதில்லை. கூடுதலான அந்த 1.54 வோல்ட்டை வெறும் மின்தடைக் கணக்கில் அடைக்க முடியாது.

பெரும்பகுதி முனைவாக்கம், அதாவது மின்னோட்டம் போவதால் தகட்டை ஒட்டிய நிலைமை மாறி எழும் கூடுதல் வோல்ட். சார்ஜ் ஏறும்போது தகட்டின் நுண்துளைகளுக்குள் அமிலம் புதிதாக உருவாகிறது. அங்கே அதன் அடர்த்தி வெளியே இருக்கும் அமிலத்தைவிடக் கூடுதல், பரவிச் சமமாக நேரம் பிடிக்கும். பேட்டரி நிறையும் கட்டத்தில் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியத் தொடங்குகிறது, அந்த வினைக்கும் கூடுதல் அழுத்தம் வேண்டும். இன்ஜினை அணைத்த உடனே அளந்தால் 13-க்கு மேல் நிற்கும், மணிக்கணக்கில் மெல்ல இறங்கித்தான் 12.66-க்கு வரும். மின்தடை மட்டும் காரணமாக இருந்தால் மின்னோட்டம் நின்ற கணமே இறங்கியிருக்க வேண்டும்.

ஆகவே 'மின்னோட்டம் சுழி என்றால் மீட்டர் காட்டுவது மின்னியக்கு விசை' என்பது பேட்டரி ஓய்வெடுத்த பிறகுதான் உண்மை. இரவு முழுக்க நிறுத்தி வைத்தது சரியான முறை. அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அளக்கலாம்.

12.66 நம்பத் தகுந்ததா என்று சரிபார்க்க ஒரு கைக்கணக்கு: ஈய அமிலக் கலம் ஒன்றின் திறந்தசுற்று வோல்ட் ஏறத்தாழ 0.84 + அமிலத்தின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி). ஒப்படர்த்தி 1.27 என்றால் 2.11, ஆறு கலத்துக்கு 12.66. இறங்கிப்போய் ஒப்படர்த்தி 1.12-க்கு வந்தால் 1.96, ஆறுக்கு 11.76. மின்னியக்கு விசை அமிலத்தைப் பொறுத்தது என்பது இதிலேயே தெரியும். சார்ஜ் ஏற ஏற அது கூடும், ஆனால் ஒரு முழு சார்ஜுக்கு மொத்தமாக ஒரு வோல்ட்டை ஒட்டித்தான். ஆக்சிலேட்டர் திருகிய கையோடு ஒன்றரை வோல்ட் கூடாது.

இன்னொன்று, அக மின்தடை ஒரு மாறிலி இல்லை. செல்ஃப் 60 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் 2.56 ÷ 60, அதாவது 0.043 ஓம்தான் வருகிறது. ஹெட்லைட்டில் 0.068. சிறிய மின்னோட்டத்தில் முனைவாக்கத்தின் பங்கு விகிதத்தில் பெரிது. 1 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் அளக்கும் பேட்டரி டெஸ்டர் இதைவிடவும் குறைவாகக் காட்டும், ஏனென்றால் அந்த வேகத்தில் முனைவாக்கம் எழ நேரமில்லை. எந்த முறையில் அளந்தது என்று சொல்லாமல் அக மின்தடைக்கு எண் மட்டும் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த 10.1-உம் உண்மையான அடிமட்டம் அல்ல. சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், மோட்டார் சுழலத் தொடங்கும் முதல் கணத்தின் பள்ளத்தை அது பார்க்காது.

தாமிரக்கம்பி:

இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. பேட்டரியை விட்டுவிட்டு சாதாரண ஏஏ செல்லில் இதை அளந்து பார்க்க என்ன ரெசிஸ்டர் வேண்டும்? மற்றது: மின்னியக்கு விசை இருந்து மின்னழுத்த வேறுபாடு சுழியாக இருக்கும் சுற்று ஏதாவது உண்டா? அப்படி ஒன்றைப் பார்த்தால்தான் இரண்டும் வேறு என்று மனசு ஒப்புக்கொள்ளும்.

கால்வனோ:

4.7 ஓம், 1 வாட் அல்லது அதற்கு மேல். கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகும், ஏனென்றால் 1.5 வோல்ட்டில் அரை வாட் அளவுக்குச் சூடாகிறது. மீட்டரை 20 வோல்ட் டிசி ரேஞ்சில் வையுங்கள். 2000 மில்லிவோல்ட் ரேஞ்ச் இருந்தால் அது இன்னும் நல்லது, மூன்று தசம இடம் கிடைக்கும். முதலில் செல்லை மட்டும் அளங்கள். பிறகு ரெசிஸ்டரை மாட்டி இரண்டு மூன்று நொடிக்குள் அளந்து உடனே கழற்றிவிடுங்கள். அதிக நேரம் விட்டால் அரைக்கடத்தி சொன்ன முனைவாக்கமும் கலந்துவிடும்.

புது ஆல்கலைன் செல்லுக்கு உதாரணமாகத் திறந்த நிலையில் 1.58, லோடில் 1.50. மின்னோட்டம் 1.50 ÷ 4.7 = 0.32 ஆம்பியர். இழப்பு 0.08. அக மின்தடை 0.25 ஓம். ஓய்ந்துபோன செல் ஒன்று 1.35, லோடில் 0.98. மின்னோட்டம் 0.21, இழப்பு 0.37, அக மின்தடை 1.77 ஓம். மின்னியக்கு விசையில் இரண்டுக்கும் வித்தியாசம் கால் வோல்ட்கூட இல்லை. அக மின்தடை ஏழு மடங்கு. டார்ச்சிலோ பொம்மையிலோ ஓடாத செல் சுவர்க்கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடுவது இதனால்தான்: கடிகாரம் சராசரியாக இழுப்பது மைக்ரோஆம்பியர் கணக்கில், அந்த மின்னோட்டத்துக்கு 1.77 ஓமில் இழப்பு ஒன்றுமே இல்லை. செல்லை மீட்டரில் மட்டும் வைத்துப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

தவறு நடக்கும் இடம் கிளிப். மலிவான முதலைவாய்க் கிளிப் வயர் ஒன்றுக்கு 0.1 ஓமுக்கு மேல்கூட இருக்கும். இரண்டு வயர் சேர்ந்தால் புது செல்லின் அக மின்தடைக்குக் கிட்டத்தட்டச் சமம். மீட்டர் முனையை ரெசிஸ்டரின் காலில் வைத்தால் வயரில் போன இழப்பையும் செல்லின் தலையில் கட்டிவிடுவீர்கள். முனை மின்னழுத்தத்தைச் செல்லின் உலோகத்தில் தொட்டு அளங்கள், மின்னோட்டத்துக்கு ரெசிஸ்டரின் இரண்டு கால்களுக்கு இடையே தனியாக அளந்து 4.7-ஆல் வகுங்கள்.

மீட்டரே கொஞ்சம் மின்னோட்டம் இழுக்குமே என்றால், மலிவான மீட்டரின் உள்மின்தடை 1 மெகாஓம், நல்லதில் 10 மெகாஓம். புது ஏஏ செல்லிலிருந்து 1.5 மைக்ரோஆம்பியர், இழப்பு ஒரு மைக்ரோவோல்ட்கூட வராது. ஆனால் எல்லா மூலமும் இப்படி இல்லை. பிஎச் அளக்கும் கண்ணாடி மின்முனையின் அக மின்தடை 100 மெகாஓம் அளவில் இருக்கும். அதில் 0.4 வோல்ட் மின்னியக்கு விசை இருந்தாலும் 10 மெகாஓம் மீட்டர் 0.036 வோல்ட்தான் காட்டும். மீட்டர் பழுதில்லை, முனைகளில் அப்போது உண்மையாகவே அவ்வளவுதான் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு: ஓய்ந்துபோன நான்கு ஏஏ செல்களை வளையமாக மாட்டுங்கள். ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸுக்கு, கடைசியின் பிளஸ் முதலின் மைனஸுக்கு. மொத்த மின்னியக்கு விசை 4 × 1.35, மொத்த மின்தடை 4 × 1.77, மின்னோட்டம் 0.76 ஆம்பியர். இப்போது ஏதாவது ஒரு செல்லின் முனைகளில் வோல்ட்மீட்டரை வையுங்கள். 1.35 − 0.76 × 1.77 = 0. எந்தச் செல்லில் வைத்தாலும் சுழி. இரண்டு செல்லைச் சேர்த்து வைத்தாலும் சுழி. நான்கு மின்னியக்கு விசையும் இருக்கிறது, மின்னோட்டம் ஓடுகிறது, எங்கேயும் மின்னழுத்த வேறுபாடு இல்லை. வேதிவினை கொடுப்பது எல்லாம் கொடுத்த இடத்திலேயே வெப்பமாகிவிடுகிறது.

நடைமுறையில் துல்லியமான சுழி வராது. நான்கும் ஒரே மாதிரி இருக்காது. இருப்பதிலேயே மோசமான செல்லில் மைனஸ் குறியோடு ஓர் எண் வந்தால் மிரள வேண்டாம், மற்ற மூன்றும் அதன் வழியே வலுக்கட்டாயமாக மின்னோட்டத்தைத் தள்ளுகின்றன. பத்து நொடிக்கு மேல் விடாதீர்கள். புது ஆல்கலைனில் வேண்டாம், ஒவ்வொன்றும் 10 வாட் அளவுக்குச் சூடாகி ஒழுகும். லித்தியம் செல்லிலும் ஈய அமிலத்திலும் கட்டாயம் கூடாது, தீப்பிடிக்கும்.

சமன்நீளம்:

மின்னோட்டமே எடுக்காமல் அளக்கும் கருவிதான் ஆய்வகத்தில் இருக்கும் மின்னழுத்தமானி (பொட்டென்ஷியோமீட்டர்). கம்பியில் தெரிந்த ஒரு மின்னழுத்த இறக்கத்தைச் செல்லுக்கு எதிராக வைக்கிறோம். கால்வனாமீட்டர் சுழி காட்டும் இடத்தில் செல்லிலிருந்து மின்னோட்டம் எதுவும் போவதில்லை, அக மின்தடை என்னவாக இருந்தாலும் கவலையில்லை. 10 மீட்டர் கம்பியில் 2 வோல்ட் இறங்கினால் டேனியல் மின்கலம் (1.08 வோல்ட்) 5.4 மீட்டரில் சமனாகும். பாதரச-காட்மியம் வெஸ்டன் மின்கலம் 20 டிகிரி செல்சியஸில் 1.0183 வோல்ட். 1911 முதல் 1990 வரை மின்னியக்கு விசையின் பன்னாட்டுத் தரமாக இருந்தது. அதிலிருந்து மின்னோட்டம் எடுத்தால் அது கெட்டுவிடும், அதை ஒப்பிட இந்தச் சுழிமுறைதான் வழி.

செய்முறையில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்: கம்பியின் இரண்டு கோடியிலும் முள் ஒரே பக்கம் சாய்கிறது, சமன் புள்ளியே கிடைக்கவில்லை. காரணம் மூன்றில் ஒன்று. செல்லின் பிளஸ், முதன்மைச் சுற்றின் (கம்பிக்கு மின்னோட்டம் தரும் சுற்று) பிளஸ் இருக்கும் கோடியில் இல்லை. அல்லது கம்பி முழுவதிலும் இறங்கும் அழுத்தம் செல்லைவிடக் குறைவு (முதன்மைச் சுற்றில் இருக்கும் மாற்றத்தக்க மின்தடையான ரியோஸ்டாட்டை அதிகம் வைத்திருப்பார்கள்). அல்லது முதன்மைச் சுற்றில் எங்கோ இணைப்பு தளர்வு. இரண்டு செல்களை ஒப்பிடும்போது நடுவில் ரியோஸ்டாட்டைத் தொட்டுவிட்டால் முதல் அளவு செல்லாது, திரும்ப எடுக்க வேண்டும்.

அரைக்கடத்தி:

கால்வனோ சொன்ன வளையத்தில் செல்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே, ஒவ்வொன்றையும் சிறிதாக்கிக்கொண்டே போங்கள். கடைசியில் கிடைப்பது மாறும் காந்தப்புலத்தைச் சுற்றி இருக்கும் சீரான செம்பு வளையம். ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் தூண்டப்பட்ட மின்னியக்கு விசை, அதே மில்லிமீட்டரில் அதற்குச் சமமான மின்தடை இழப்பு. மின்னோட்டம் சுற்றுகிறது, எந்த இரண்டு புள்ளிகளுக்கும் நிலைமின் வேறுபாடு இல்லை. பிளஸ் எது மைனஸ் எது என்று கேட்க அங்கே முனையே கிடையாது.

இங்கே மின்னழுத்த வேறுபாடு என்கிற கருத்தே தள்ளாடும். வளையத்தை வெட்டி ஒரு பக்கம் 100 ஓம், மறுபக்கம் 900 ஓம் வைத்து டொராய்டு (வடை வடிவ) டிரான்ஸ்ஃபார்மரின் துளை வழியே ஒரு சுற்றாகப் போடுங்கள், 100 ஓம் துளைக்குள்ளும் 900 ஓம் வெளியேயும் இருக்கட்டும். ஒரு சுற்றுக்கு 0.1 வோல்ட் தூண்டினால் மின்னோட்டம் 0.1 மில்லிஆம்பியர். இரண்டு ரெசிஸ்டரும் சேரும் அந்த இரண்டு புள்ளிகளில் மீட்டரை வைத்து, அதன் வயரைத் துளை வழியாக 100 ஓமை ஒட்டிக் கொண்டுபோனால் 10 மில்லிவோல்ட். அதே புள்ளிகள், வயரை வெளியே 900 ஓமை ஒட்டிக் கொண்டுபோனால் 90 மில்லிவோல்ட். இரண்டும் சரியான அளவுதான். மாறும் காந்தப்பாயத்தை மீட்டர் வயர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது அளவுக்குள் வந்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் வெளிமுனைகளில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், காந்தப்பாயம் முழுவதும் உள்ளகத்துக்குள் அடைபட்டிருப்பது. செய்து பார்ப்பவர்கள் ஏசி மில்லிவோல்ட் ரேஞ்ச் இருக்கும் மீட்டர் எடுங்கள். மஞ்சள் நிற மலிவு மீட்டரில் மிகக் குறைந்த ஏசி ரேஞ்ச் 200 வோல்ட், அதில் இது சுழியாகவே தெரியும்.

மீட்டர்மணி:

22 ஆம்பியர் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், நல்ல பிடி.

தாமிரக்கம்பி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். செல்ஃபில் 9.6-க்குக் கீழே விழாதவரை பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம், 10.1 பரவாயில்லை. அதையும் மீறி செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் வழியில் எங்கோ இழப்பு. அதைக் கண்டுபிடிக்க வோல்ட்மீட்டரை மூலத்தில் வைக்காமல் வயரின் இரண்டு கோடியில் வையுங்கள்: ஒரு முனை பேட்டரியின் பிளஸ் கம்பத்தில், மறுமுனை ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டில். செல்ஃப் அழுத்தும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரிலே தொடர்போ லக்கோ (வயர் நுனியின் உலோக வளையம்) அரித்திருக்கிறது. 60 ஆம்பியரில் 0.5 வோல்ட் என்றால் 8 மில்லிஓம்தான், ஓம் ரேஞ்சில் வைத்தால் எந்த மீட்டரும் அதைக் கண்டுபிடிக்காது, ஆனால் 30 வாட் அங்கே வெப்பமாகிறது. அடுத்து மைனஸ் கம்பத்துக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே அதேபோல், 0.2-க்குள் இருக்க வேண்டும். மீட்டர் முனை ஈயக் கம்பத்தைத் தொட வேண்டும். போல்ட்டின் தலையில் வைத்தால் கம்பத்துக்கும் லக்குக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் படிவின் இழப்பு அளவுக்குள் வராது, பல சமயம் பழுதே அங்கேதான்.

செல்ஃபின் மின்னோட்டத்தையும் பார்த்துவிடலாம் என்று சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றாதீர்கள். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸ் கிடையாது. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் கேட்டு வாங்குங்கள், கடைகளில் கிடைக்கும் குறைந்த விலைக் கிளாம்ப் பெரும்பாலும் ஏசி மின்னோட்டம் மட்டும் அளக்கும்.